கம்மல் போட்ட எலி

போன வாரம், நான் முந்தி வேலை பாத்த அரசாங்க நெல்லு ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போயிருந்தேன். வேலைய விட்டு வந்த ஆளுக்கு அங்கன என்ன சோலின்னு கேப்பிய. வீட்டுல இருந்தா வீட்டுக்காரி தேங்கா துருவச் சொல்லுகா, அதுக்காக்கும் போனேன்.

அங்கன புதுசா வந்த பிள்ளையளு ஒரு வயல் எலியப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, ஊசி மாதிரி ஒண்ண அதுக்க தோலுக்கடியில குத்துனாவ. என்ன மக்கா, மருந்தான்னு கேட்டேன். இல்ல மாமா, நம்பராக்கும்னு சொன்னா ஒருத்தி. அரிசி மணி அளவு ஒரு சாமானம் உள்ள போயிக் கெடக்குமாம். வெளிய ஒண்ணும் தெரியாதாம். ஒரு மிசினக் கிட்ட கொண்டு போனா கீன்னு கத்திக்கிட்டு நம்பரக் காட்டுகு. நான் ரெண்டடி பின்னால சாடிட்டேன். எலி சும்மாதான் இருந்து.

"ஒங்க காலத்துல எப்பிடி மாமா அடையாளம் வெச்சிய?"

"காதுல கம்மல் குத்துவோம் மக்கா."

எல்லாவளும் சிரிச்சாளுவ. எனக்குச் சிரிப்பு வரல. எனக்குச் சிரிப்பு வராம இருக்கது சாதாரண விசயம் இல்ல கேட்டேளா. செத்த வீட்டுல கூட என்னைய முன்வரிசைல நிக்க விடமாட்டாவ, சிரிச்சுப் போடுவேன்னு பயந்து. அதனால பிள்ளையளு பதறிட்டாவ. என்ன மாமா, என்ன நடந்து, சொல்லுங்கன்னு பிடிச்சுக்கிட்டாவ. அங்கன வச்சு சொல்ல வாய் வரல. இப்பம் சொல்லுகேன், மகளு எழுதுகா. எழுத்துல தப்பு இருந்தா அவளுக்க படிப்பு. விசயத்துல தப்பு இருந்தா எனக்க படிப்பு. நான் ரெண்டாங்கிளாசு. அதயே ரெண்டு வட்டம் படிச்சேன்.

அந்தக் காலத்துல பண்ணைல எலி பிடிக்க ஆளு வேணும்னு சொன்னாவ, போனேன். வயக்காட்டுல எலி அடிக்கது எனக்குப் பிள்ளைல இருந்தே கை வந்த சோலி. முத நாளு கூண்டுல ஒரு எலி விழுந்து கெடந்து. வெரசா வாலப் பிடிச்சுத் தூக்கி வரப்புல ஒரு அடி அடிக்கலாம்னு கைய ஓங்கினேன். பின்னால இருந்து ஒரு கை எனக்க மணிக்கட்டப் பிடிச்சு. ஸ்டெல்லா மேடம், பண்ணைல எலி ஆராய்ச்சி பாக்கவங்க.

உயிரோட வேணும்னு சொன்னாவ. சரி, வேற என்னத்துக்கோ கொண்டு போறாவ போலன்னு நெனைச்சேன். எடை போட்டாவ, அளந்தாவ, காதுல ஒரு பித்தளைக் கம்மலக் குத்துனாவ. அதுல நம்பர் உண்டு. பொறவு என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, பிடிச்ச வளைக்கிட்டயே கொண்டு போயி விட்டிருங்கன்னு சொன்னாவ.

எனக்குத் தலை சுத்திப் போச்சு. நெல்லத் திங்குக எலிக்குக் கம்மல் போட்டு, தடவிக் குடுத்து, வயல்லயே திரும்ப விடுகதுக்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகு. வீட்டுல போயி இத எப்பிடிச் சொல்லுகது? ஆபீஸ் வேலைன்னு சொல்லி வெச்சேன். வீட்டுக்காரி எனக்க சட்டைய மோந்து பாத்துட்டு, எந்த ஆபீசுல ஓய் எலி மூத்திரம் நாறும்னு கேட்டா. அண்ணையில இருந்து எனக்குப் பேரு எலி மணி. கல்யாணக் கார்டுல கூட அப்பிடித்தான் எழுதுகாவ.

மேடத்தப் பத்திச் சொல்லணும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடக்கரைக் குடும்பம். அம்மைக்கு மீன் யாவாரம். மீன் ஏலத்துல வெலையச் சத்தமாச் சொல்லுவாவல்லியா, அதே பழக்கம் மேடத்துக்கு. எடைய ஒரு வட்டம் உரக்கச் சொல்லுவாவ. நான் அதத் திருப்பிச் சொல்லணும். அப்பம்தான் "சரி"ன்னு சொல்லிட்டு எழுதுவாவ. நான் தப்பாச் சொன்னா எழுத மாட்டாவ, திட்டவும் மாட்டாவ. மொதல்ல இருந்து எடை போடுவாவ. வெயில்ல நிண்ணு திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டா எனக்கும் ஒழுங்கு வராமலா போகும்?

எடை போடுகதுக்கும் ஒரு மொறை உண்டு. கூண்டு வாசல்ல துணிப்பைய மாட்டி, பின்னால இருந்து ஊதினா எலி பைக்குள்ள ஓடிரும். பையோட கொக்கித் தராசுல தூக்கணும். ஆனா ஒவ்வொரு எலிக்கும் முன்ன வெறும் பைய எடை போடணும். காலம்பற போட்டாச்சே மேடம்னு நான் ஒரு நாளு கேட்டேன். இதுக்கு முன்ன கெடந்த எலி மூத்திரம் பேஞ்சிருக்கும், அந்தப் பாரத்த அடுத்த எலிக்கத் தலைல கட்டுகது அநியாயம் இல்லியான்னு கேட்டாவ. எலிக்கு நியாயம் பாக்க ஆள நான் அப்பம்தான் பாத்தேன்.

அந்தச் சோலிய ஒரு கொல்லம், பன்னெண்டு மாசமும் பாத்த பொறவு ஒரு விசயம் தெரிஞ்சு. எனக்குக் கிட்டின முத அதிர்ச்சி அதாக்கும்.

நம்ம பக்கம் வருசத்துக்கு ரெண்டு பூவு, அதாவது ரெண்டு நெல்லு வெளைச்சல். கன்னிப்பூ, கும்பப்பூ. மாசில கும்பப்பூ அறுத்துட்டா, சித்திரைல கன்னிப்பூவுக்கு வெதைக்க வரைக்கும் வயலு சும்மா காஞ்சு கெடக்கும். கும்பப்பூ கதிரு முத்துக சமயத்துல எலியப் பாக்கணும், மாமியா வீட்டுக்குப் போயிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு இருக்கும். வாராவாரம் எடை ஏறும். அறுத்து முடிச்ச பொறவு பிடிச்சா, குட்டியளு வளராம அப்பிடியே நிக்கும். ஒரு சின்ன எலிய மாசில எடை போட்டேன். பங்குனி கடைசில அதே எலி விழுந்து, அதே கம்மல், அதே நம்பர். எடை ஒரு பொட்டு ஏறல. தராசு கெட்டுப் போச்சு மேடம்னு சொன்னேன். தராசு கெடல மணியண்ணே, எலி வளராம நிக்குன்னு சொன்னாவ. திங்க இல்லாத மாசத்துல ஒடம்பு வளர்ச்சிய நிறுத்தி வெச்சிருமாம். குட்டி போடுகதயும் நிறுத்திருமாம். கன்னிப்பூ வெளைஞ்சு வரும்போ விட்ட எடத்துல இருந்து திரும்ப வளருமாம்.

நான் குட்டின்னு நெனைச்சதுல பாதி வயசான எலி. வாயப் பொளந்துக்கிட்டு நிண்ணேன். பொறவு யோசிச்சுப் பாத்தா, இதுல என்ன அதிசயம்? நானும் ரெண்டாங்கிளாசுல வளர்ச்சி நிண்ணவன்தான. என்ன, எனக்குக் கன்னிப்பூ வரல.

இதுல ஒரு உபகாரம் உண்டுன்னு மேடம் கண்டுபிடிச்சாவ. பங்குனில எலி கொறவு, மெலிவு, வயித்துல குட்டி கெடையாது. அந்த மாசத்துல எல்லாரும் ஒண்ணாச் சேந்து வளைய வெட்டிப் பிடிச்சிட்டா, கன்னிப்பூவுக்குத் தொல்லை பாதியாக் கொறையும். மருந்து வைக்காண்டாம், மருந்து தின்ன எலியக் கவ்விப் பூச்சயும் நாயும் சாகாது. அத ஊருக்குச் சொல்லுகதுக்கு முன்ன, எல்லா வயல்லயும் இது இப்பிடித்தானான்னு உறுதி பண்ணணும். அதுக்காக அஞ்சுகிராமம் போற வழில ஒரு ஏலாவுல, அதாவது ஒரே குளத்துப் பாசனத்துல கெடக்க வயக்காட்டுல, கூண்டு வெச்சோம்.

எல்லா வயலும் சொன்ன பேச்சு கேட்டு. ஒரு வயலத் தவிர. அது தாணு அண்ணாச்சிக்க வயலு.

தாணு அண்ணாச்சி ரெம்பப் பேசாத மனுசன். தோளுல கெடக்க துவர்த்துத் துண்ட மடிச்சுக் கச்சத்துல இடுக்கிக்கிட்டு, பெரிய ஆபீசர் முன்ன நிக்கது மாதிரியே எனக்க முன்னயும் நிப்பாரு. எனக்கு அவ்வளவு மரியாத தந்த ஒரே ஆளு. அவருக்க வயல்ல பங்குனில எலி கொழுத்துக் கெடந்து. மத்த வயல்ல எடை ஏறாத அதே வாரத்துல இங்க ஏறுகு. மேடம் ஒரு எலிக்க அடிவயித்த வெரலால தடவிப் பாத்தாவ. மொகம் மாறிப் போச்சு. எனக்க வெரலப் பிடிச்சு அங்கன வெச்சாவ. உள்ள மொச்சக்கொட்ட மாதிரி உருண்டு உருண்டு. குட்டி.

பங்குனில எலி சினையா இருக்கத நாங்க கண்டதே இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல நாத்தங்கால் போடணும். அதுக்கு முன்ன இதுவ ஈண்டா, அந்த ஏலாவுல மொளைக்க வெதை ஒண்ணு மிஞ்சாது. மொத அழியுகது தாணு அண்ணாச்சிக்க கன்னிப்பூவு. அது போனா அந்த வீட்டுல அடுத்த மாசி வரைக்கும் அடுப்புக்கு வழியில்ல. வளைய வெட்டலாம் அண்ணாச்சின்னு நான் கேக்கும்போ எல்லாம் ஒரு சாக்கு சொல்லுவாரு. நாளு நல்லதில்ல, வரப்பு ஒடைஞ்சிரும், பொறவு பாக்கலாம்.

மேடத்துக்கு ஒறக்கம் போச்சு. தராசுக்குப் படிக்கல்லு கொண்டு வந்து சரி பாத்தாவ. பொறவு எனக்க மொகத்தப் பாத்து, கூண்டுல இரை கூடுதலா வெக்கியளான்னு கேட்டாவ. வைக்கது ஒரு துண்டு சுட்ட தேங்கா. அதுலயும் பாதிய நானாக்கும் திங்கது. அத எப்பிடிச் சொல்ல முடியும்? அம்மாண மேடம், நான் எலிக்கு ஒண்ணும் கூடுதலாக் குடுக்கலன்னு சத்தியம் பண்ணினேன். பொய் இல்ல.

நாங்க எப்பமும் காலம்பறதான் அந்த வயலுக்குப் போவோம். அண்ணைக்கு ஜீப்பு கேடாகி, உச்சைக்குப் போய்ச் சேந்தோம். வரப்புல ஆளு இருக்கது தெரிஞ்சு. தாணு அண்ணாச்சி குத்த வெச்சு இருக்காரு. கைல செரட்ட. செரட்டல அவிச்ச மரச்சீனிக் கெழங்கும் ரேசன் அரிசிச் சோறும் பெசைஞ்சு வெச்சிருக்காரு. ஒரு உருண்டைய உருட்டி வளை வாசல்ல வெச்சுட்டு, நாக்கால டொக்கு டொக்குன்னு சத்தம் போடுகாரு, கோழியக் கூப்பிடுகது மாதிரி. வளைக்குள்ள இருந்து ஒரு மூக்கு வந்து. பொறவு ஒரு காது. காதுல நம்ம கம்மலு. பட்டப்பகல்ல, ஒரு பயமும் இல்லாம, அவருக்கப் பெருவெரலுக்குப் பக்கத்துல இருந்து அது தின்னுகு.

எத்தனயோ எலிய நான் பிடிச்சிருக்கேன். ஒண்ணு கூட எனக்க கைல வந்து தின்னது கெடையாது. எனக்க வீட்டுப் பூச்ச கூட அப்பிடித் திங்காது.

"அண்ணாச்சி, என்ன செய்திய?"

அவரு பதறி எந்திரிச்சாரு. துவர்த்து கச்சத்துக்குப் போச்சு.

"ஒண்ணும் கொறையல மணி. நான் நல்லாத்தான் பாத்துக்கிடுகேன்."

"எத?"

"ஒங்க எலிய."

மேடம் வரப்புல இறங்கி, அவரு இருந்த எடத்துல அவுங்களும் குத்த வெச்சு இருந்தாவ. இருங்க மாமான்னு சொன்னாவ. அவருக்கு இருக்கத் தயக்கம். மெல்ல மெல்லத்தான் வெளிய வந்து.

அவருக்கு ஒரு பசு உண்டு, லோன்ல வாங்கினது. அதுக்கக் காதுல மஞ்சக் கம்மல் ஒண்ணக் குத்தி, நம்பர் போட்டு, இது செத்தா இன்சூரன்சுப் பணத்துக்கு இந்தக் கம்மலக் காதோட காட்டணும்னு சொல்லி விட்டிருக்காவ. பசுவுக்குத் தீனம் வந்து. மூணு ராத்திரி மாட்டுத் தொழுத்துலயே கெடந்து பாத்திருக்காரு. செத்துப் போச்சு. காதப் பாத்தா கம்மல் இல்ல. மேய்ச்சல்ல எங்கயோ எதுலயோ கொடக்கிப் பிஞ்சு விழுந்திருக்கு. பாக்க வந்த இன்சூரன்சு ஆளு தெருவுல வெச்சு, ஊரு கேக்க, இது அந்தப் பசுதான்னு யாருக்குத் தெரியும், அத வித்துட்டு வேற மாட்டக் காட்டுதியான்னு கேட்டுப் போட்டான்.

"அந்த லோன நான் கெட்டித் தீத்துட்டேன் அம்மா. அது போகட்டும். கள்ளன்னு சொன்னதத்தான் ஒண்ணும் செய்ய முடியல."

அப்பிடி இருக்கும்போ ஒரு நாளு வயலுக்கு வந்து பாத்தா, அவருக்க வயல்ல எலி காதுல கம்மலோட ஓடுகு. நம்பர் போட்ட கம்மல். அரசாங்கக் கம்மல். வாரம் தவறாம ஜீப்புல ஆளு வந்து, எடை போட்டுப் பாத்துட்டுப் போகு. அவரு என்ன நெனைப்பாரு? இதுல ஒண்ணு செத்தா, ஒண்ணு மெலிஞ்சா, நாளைக்கு எவனாவது தெருவுல நிண்ணு கேப்பான். எனக்கிட்ட கேக்கக் கூடாதான்னு கேட்டேன். கேட்டா நான் என்னமோ செய்துட்டேன்னுல்லா நெனைப்பியன்னு சொன்னாரு.

நான் சிரிக்கப் பாத்தேன். அப்பம் அவரு, வாங்க, வீட்டுல வந்து பாத்துக்கிடுங்கன்னு எங்களக் கூட்டிட்டுப் போனாரு.

அடுக்களைல புளிப்பானைக்கும் கருவாட்டுச் சட்டிக்கும் நடுவுல ஒரு ஊறுகா பாட்டில். அத எடுத்து மேடம் கைல குடுத்தாரு. உள்ள உப்பு. உப்புக்குள்ள சின்னச் சின்னதா, காஞ்ச தோலு மாதிரி என்னமோ. நான் பாட்டில வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்.

காது. எல்லாம் எலிக்காது. ஒவ்வொண்ணுலயும் கம்மல்.

பாம்பு கடிச்சது, பருந்து போட்டுட்டுப் போனது, தானாச் செத்தது. அவருக்க கண்ணுல பட்டதுக்கு எல்லாம் காதக் கம்மலோட அறுத்து, உப்புத் தடவி, வெயில்ல ஒணக்கி வெச்சிருக்காரு. நான் பாட்டிலத் திரும்ப மேடம் கைலயே குடுத்துட்டேன். எலிக்க சோலி பாக்கவன் நான், எனக்கே அப்பிடின்னா பாத்துக்கிடுங்க. அவருக்க வீட்டுக்காரி பாவதி அக்கா கதவுக்குப் பின்னால நிண்ணு சொன்னாவ:

"ஒரு நாளு புளின்னு நெனைச்சு நான் இதுல கைய விட்டேன் மணியண்ணே. எனக்குத் தீனம் வந்து கெடந்தப்பம் கஞ்சி குடிச்சியான்னு கேக்காத மனுசன், எலிக்குச் சோறு வெச்சாச்சான்னு மூணு நேரமும் கேக்குகு."

தாணு அண்ணாச்சி அதக் காதுல வாங்கல. மேடத்தயே பாத்துக்கிட்டு நிண்ணாரு.

"எண்ணிப் பாத்துக்கிடுங்கம்மா. நான் ஒண்ணும் ஒளிக்கல."

வேற ஆளா இருந்தா என்ன செய்திருப்பாவன்னு நான் இப்பமும் நெனைச்சுப் பாக்கேன். சிரிச்சிருப்பாவ. இல்ல, ஐயோ மாமா, இதெல்லாம் வேண்டாமேன்னு சொல்லி முதுகுல தட்டியிருப்பாவ. நானா இருந்தா ரெண்டயும் செய்திருப்பேன். மேடம் வீட்டு முத்தத்துல ஒரு சாக்க விரிக்கச் சொன்னாவ. பைல இருந்து சின்ன இடுக்கிய எடுத்தாவ. பாட்டிலத் தொறந்து ஒவ்வொரு காதா எடுத்து, உப்ப ஊதிவிட்டு, நம்பர ஏலம் போடுகது மாதிரி சத்தமா வாசிச்சாவ. என்னைய ஒரு பார்வ பாத்தாவ. நான் திருப்பிச் சொன்னேன்.

"சரி."

அடுத்தது. வாசிச்சாவ. நான் சொன்னேன்.

"சரி."

ஒண்ணயும் சாடிப் போகல. ஒரு காதுல நம்பர் பச்ச பிடிச்சுத் தெரியல. அதத் துணியால தொடச்சு, வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்து, தெரிஞ்ச பொறவுதான் வாசிச்சாவ. பக்கத்து வீட்டு ஆளுவ வேலிக்கிட்ட வந்து நிண்ணுட்டாவ. எலிக்காத வெச்சு ஏலம் விடுகாவன்னு நெனைச்சிருப்பாவ. ஒவ்வொரு சரிக்கும் தாணு அண்ணாச்சிக்க கழுத்து கொஞ்சம் கொஞ்சமா நிமிந்துக்கிட்டே வந்து. நான் அதப் பாத்ததுல ரெண்டு நம்பரத் தப்பாச் சொல்லி, மேடம் திரும்ப வாசிச்சாவ.

பாட்டில் தீந்த பொறவு மேடம் எந்திரிச்சு, வேலிக்கிட்ட நிண்ணவங்களுக்கும் கேக்கட்டும்னு சொன்னாவ:

"எல்லாம் சரியா இருக்கு மாமா. ஒண்ணு கூடக் கொறையல."

தாணு அண்ணாச்சி அப்பிடியே முத்தத்துல இருந்துட்டாரு. துவர்த்து கச்சத்துல இருந்து மொகத்துக்குப் போச்சு. பாவதி அக்கா வெளிய வந்து பக்கத்துல நிண்ணாவ. நான் வாயில வந்த ஒரு தமாச முழுங்கினேன். என்ன தமாசுன்னு இப்பம் நெனவு இல்ல.

பொறவு அவரே சொன்னாரு, இனி வளைய வெட்டிக்கிடுங்கம்மான்னு.

மறுநாளு மம்பட்டியோட ஆளு எறங்கிச்சு. அவரும் வெட்டினாரு. எலிய அவருக்க முன்ன வெச்சே பிடிச்சு, கம்மலக் கழத்தி, அந்த நம்பரயும் வாசிச்சு, சரி சொல்லி, அந்தக் கம்மல அவருக்க கைலயே குடுத்தோம். சினை எலி ஒண்ணக் கையில எடுத்தப்பம் மட்டும் அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கன்னிப்பூ தப்பிச்சு. ஒரு மூலைல கொஞ்சம் சேதம், அது எல்லாருக்கும் உள்ளதுதான்.

மேடத்துக்க ஆராய்ச்சி கெட்டுப் போச்சேன்னு நான் வெசனப்பட்டேன். திரும்பி வரும்போ ஜீப்புல கேட்டேன். கெடல மணியண்ணேன்னு சொன்னாவ. வெயிலு எலிய வளர விடாம நிறுத்துகா, வயிறு நிறுத்துகான்னு அவுங்களுக்கு ரெம்ப நாளா ஒரு சந்தேகம் உண்டாம். பங்குனி வெயில்லயும் சோறு கெடைச்சா எலி வளரும், குட்டியும் போடும்னு இப்பம் தெரிஞ்சு போச்சாம். சோறு போட்டுப் பாக்கணும்னு அவுங்களுக்கு எண்ணம் உண்டு, ஆனா ஊரான் வயல்ல போயி எலிக்குச் சோறு போட எவன் விடுவான்? தாணு அண்ணாச்சி கேக்காமலே போட்டிருக்காரு.

ஆனா நான் சொல்ல வந்தது இதும் இல்ல. வளை வெட்டின அண்ணைக்கு ஒண்ணக் கவனிச்சேன். ஒவ்வொரு வளையயும் வெட்டி முடிச்ச பொறவு, தாணு அண்ணாச்சி குனிஞ்சு அந்த மண்ண வெரலால கெளறிப் பாத்தாரு. எலி ஓடினாலும் அவருக்கு அதுல கண்ணு இல்ல. என்ன அண்ணாச்சி தேடுகியன்னு கேட்டேன். எலி கண்டதயும் இழுத்துட்டுப் போயி உள்ள வெக்குமே மணி, அதான்னு சொன்னாரு. அப்பம்தான் எனக்குப் புரிஞ்சு, பசுவுக்க மஞ்சக் கம்மலையாக்கும் தேடுகாரு. பசு அந்த வயல்லதான் மேஞ்சிருக்கு.

அண்ணைக்குக் கெடைக்கல. அதுக்குப் பொறவு நான் சோலில இருந்த வரைக்கும் அந்த ஏலாவுல எந்த வளைய வெட்டினாலும், நானும் குனிஞ்சு மண்ணத் தடவிப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன். நெல்லு கெடைச்சு, பாம்புச் சட்ட கெடைச்சு, ஒரு வட்டம் சின்னப் பிள்ளைக்க வளையல் கூடக் கெடைச்சு. கம்மல் கெடைக்கல.

பண்ணைப் பிள்ளையளே, ஒங்க எலிக்கு இப்பம் வெளிய ஒண்ணும் தெரியாது. நல்லதுதான். ஆனா அந்தப் பக்கம் வளை வெட்டினா மண்ண ஒரு வட்டம் கையால தடவிப் பாருங்க. மஞ்ச பிளாஸ்டிக்கு, வெளுத்துப் போயிருக்கும். கெடைச்சா எனக்கிட்ட கொண்டு வராண்டாம். நேரா தாணு அண்ணாச்சிக்க வீட்டுக்குப் போங்க. ஒரு ஆளு நம்பர வாசிக்கணும், இன்னொரு ஆளு திருப்பிச் சொல்லணும், பொறவு சரின்னு சொல்லணும். தெருவுல நிண்ணு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க மக்கா, அவருக்கு இப்பம் காது கொஞ்சம் மந்தம்.